பீட்டா-கேல் ஸ்டெயினிங்: கன்ட்ரோல் செல்லும் நீலமாகிறது, அவசரம்

வண்ணார்பேட்டை_ஸ்காலர்:
பீட்டா-கேல், முதிர்ந்த செல்லை நீலமாக்கிக் காட்டும் சாயச் சோதனைதானே. ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து முதிர வைத்த செல் மட்டும்தான் நீலமாக வேண்டும். கொடுக்காத கன்ட்ரோலும் முக்கால்வாசி நீலம், சொட்டு நீலம் கொட்டிய வேட்டி மாதிரி கிடக்கிறது. கிட் புதுசு, ப்ரோட்டோகால்படிதான் செய்தேன். திங்கட்கிழமை கைடிடம் படம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

ஜங்ஷன்காரன்:
என்ன செல்? எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தது? பிஎச் எவ்வளவு? எதில் வைத்தீர்கள்? ஒன்றையும் சொல்லாமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது?

மைக்கோ_முருகன்:
மைக்கோபிளாஸ்மாதான், செல் வளர்ப்பில் தொற்றிக்கொள்ளும் குட்டி பாக்டீரியா, சந்தேகமே வேண்டாம். எங்கள் லேபில் எது கெட்டாலும் கடைசியில் அதில்தான் போய் நிற்கும்.

ஜங்ஷன்காரன்:
இன்குபேட்டர் கதவு திறக்காவிட்டாலும் உமக்கு மைக்கோபிளாஸ்மாதான் வே.

பெட்ரி_அண்ணாச்சி:
தம்பி, கிட் வாங்கினால் மட்டும் போதாது, அது எதை அளக்கிறது என்று படிக்கவும் வேண்டும். 1995இல் திம்ரி, காம்பிசி குழு எழுதியதைப் புரட்டிப் பாரும். லைசோசோமில், அதாவது செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையில், இருக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி எல்லாச் செல்லிலும் உண்டு, அது நன்றாக வேலை செய்வது பிஎச் 4 பக்கம். 6இல் சாதாரணச் செல்லில் அது தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். முதிர்ந்த செல்லில் நொதி குவிந்து கிடப்பதால் 6இலும் நீலம் காட்டும். பிஎச் இறங்கினால் இளசு, கிழடு எல்லாம் ஒன்றுதான். மீட்டரை என்றைக்குக் கேலிபரேட் செய்தீர்? இதெல்லாம் எம்எஸ்சி பாடம்.

பாபநாசத்து_அக்கா:
அண்ணாச்சி, திட்டாமல் சொல்லுங்கள். ஸ்காலர், தட்டை கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரிலா வைத்தீர்கள்? பழக்கதோஷத்தில் நிறையப் பேர் அங்கேதான் வைப்பார்கள், வாயு கரைந்து பிஎச்சைக் கீழே இழுத்துவிடும். மைக்ரோபயாலஜிக்காரர்கள் பாக்டீரியா வளர்க்கும் சாதா 37 டிகிரி இன்குபேட்டர் போதும். தட்டைச் சுற்றிப் பாராஃபிலிம் ஒட்டுங்கள். கரைசல் வற்றினால், நொதி பட்டு நீலமாகும் எக்ஸ்-கேல் ஊசி ஊசியாகப் படியும், அதுவும் நீலமாகத்தான் தெரியும். நிஜ நீலம் கருவைச் சுற்றிச் செல்லுக்குள்ளே இருக்கும், ஊசி செல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

வண்ணார்பேட்டை_ஸ்காலர்:
நான் தம்பி இல்லை அண்ணாச்சி. மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட், இணைப்புத் திசுச் செல். பாசேஜ் தெரியாது, சீனியர் விட்டுப்போன செல் குப்பி, மேலே எழுதியது அழிந்துவிட்டது. சிஓ2 இன்குபேட்டரில்தான் வைத்தேன். தட்டு முழுக்க செல் நிறைந்திருந்தது, அது நல்லதுதானே?

பெட்ரி_அண்ணாச்சி:
சரிம்மா. ஆனால் நிறைந்த தட்டா! நெருக்கியடித்துக் கிடக்கும் செல் முதிராமலே நீலம் காட்டும். இதில் பாசேஜும் தெரியாதாம். மனித ஃபைப்ரோபிளாஸ்ட் 50 தடவை போலப் பிரிந்ததும் நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக் 1961இலேயே காட்டிவிட்டார். உன் கன்ட்ரோலே நிஜக் கிழடாக இருந்தால், பிஎச்சைக் காக்கும் பஃபர் கரைசல் என்ன செய்யும்?

ஜங்ஷன்காரன்:
அதற்கு இடியு போடலாம். டிஎன்ஏ புதிதாக உண்டாக்கும் செல்தான் அதை எடுத்துக்கொள்ளும். ஒரே செல்லில் நீலமும் இடியுவும் விழுந்தால் அது இன்னும் பிரிகிற செல், பொய் நீலம். நான் பாளையில்தான் இருக்கிறேன், எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூலிகைப்பித்தன்:
கன்ட்ரோல் சரியானதும் நெல்லிக்காய்ச் சாறு கொடுத்துப் பாருங்கள். நாங்கள் போட்டோம், நீலம் பாதியாகக் குறைந்தது. இளமை திரும்புகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பெட்ரி_அண்ணாச்சி:
குறைந்தது நீலமா, செல்லா? எண்ணினீரா? சாறு அந்த நொதியையே தடுத்திருக்கலாம். இல்லை, கிழட்டுச் செல் செத்துக் கழன்று, கழுவும்போது பஃபரோடு போயிருக்கலாம்.

மூலிகைப்பித்தன்:
சாகவில்லை அண்ணாச்சி. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில் 130 சதவீதம் காட்டியது.

பாபநாசத்து_அக்கா:
அப்படியென்றால் சந்தேகம் கூடுகிறது. எம்டிடி செல்லை எண்ணுவதில்லை. செல்லின் வளர்சிதை மாற்றம் மஞ்சள் சாயத்தை ஊதா ஃபார்மசானாக மாற்றுவதைத்தான் அளக்கிறது. நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி செல்லே இல்லாமல் அந்த வேலையைப் பார்க்கும். செல் இல்லாத குழியில் சாறையும் எம்டிடியையும் விட்டுப் பாருங்கள். சர்க்கரை நோய் மருந்து மெட்ஃபார்மின் கொடுத்தால் தலைகீழ், மைட்டோகாண்ட்ரியா மந்தமாகி, செல் சாகாமலே எண் இறங்கலாம். சர்க்கரை நோய் வேலை செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

மூலிகைப்பித்தன்:
அப்போ எங்கள் பாட்டன் காலத்து லேகியம் எல்லாம் பொய்யா?

ஜங்ஷன்காரன்:
லேகியத்தை யார் என்ன சொன்னார்? செல் இல்லாத உம்ம பிளாங்க் குழியைத்தான் கேட்கிறோம்.

மூலிகைப்பித்தன்:
வெள்ளைக்காரன் எழுதினால் மட்டும் நம்புவீர்கள்.

பெட்ரி_அண்ணாச்சி:
பிளாங்க் போட்டு நீர் எழுதும், முதல் ஆளாக நான் நம்புகிறேன்.

வண்ணார்பேட்டை_ஸ்காலர்:
சாதா இன்குபேட்டர், பாதி நிறைந்த தட்டு. கன்ட்ரோலில் அங்கங்கே ஒன்றிரண்டுதான் நீலம், பெராக்சைடு தட்டில் பாதிக்கு மேல். படம் எடுத்தாச்சு. நன்றி அக்கா.

மைக்கோ_முருகன்:
மைக்கோபிளாஸ்மா டெஸ்ட்?

பெட்ரி_அண்ணாச்சி:
ஸ்காலரம்மா, இன்குபேட்டர், தட்டின் நெரிசல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கெடுத்தது எது என்று கைடு கேட்கும்போது என்ன சொல்வாய்? சாதா இன்குபேட்டரில் நிறைந்த தட்டு ஒன்று, சிஓ2வில் பாதித் தட்டு ஒன்று, இப்போதே போட்டு வை. ராத்திரி முழுக்க ஊறினால் திங்கள் காலைக்குள் தெரிந்துவிடும்.