மூச்சொலிகளுக்குச் சொல் வேண்டும்: பொரிவொலி, இழுப்பு, வீளை

அன்பு நண்பர்களே,

செவிலிய மாணவர்களுக்கான உடற்பரிசோதனைக் கையேட்டில் சுவாச மண்டலப் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பார்ப்பது, தொட்டறிவது, தட்டிப் பார்ப்பது வரை சிக்கல் இல்லை. மார்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிகிறதா, கழுத்துத் தசையும் சேர்ந்து இழுபடுகிறதா, நாடி பிடித்த கையை எடுக்காமலே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவது (எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும்), பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு, எல்லாம் எளிய தமிழில் வந்துவிட்டது. ஸ்டெதஸ்கோப் வைக்கும் இடத்தில்தான் நிற்கிறேன். கிராக்கிள்ஸ் (விட்டுவிட்டுப் பட் பட்டென்று கேட்பது), வீஸ் (விசில் போல மெல்லியதாக நீள்வது), ராங்கை (தாழ்ந்து, தொடர்ந்து கேட்பது) மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். மூன்றையும் இரைச்சல் என்றே எழுதினால், மாணவி என்ன கேட்டாள் என்பது அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது.

தலைப்புக்குக் கேட்டறிதல் என்று போட்டுவிட்டேன். அதை மட்டும் மறுபடி கிளறவேண்டாம்.

* * *

அம்மா, வணக்கம்.

வீஸ் என்பதற்குச் சீழ்க்கை இருக்கிறது. அதைவிட நல்லது வீளை. அகநானூற்றில் இடையன் மழை இரவில் தனியே நின்று எழுப்புவது 'மடிவிடு வீளை'. வாயை மடித்து, காற்று போகும் வழியைக் குறுக்கி எழுப்பும் ஒலி. மூச்சுக்குழாய் சுருங்கும்போது நடப்பதும் அதுதானே? வீ என்ற அடியே காற்றின் விரைவைக் காட்டுவது என்பது என் நெடுநாள் எண்ணம், வீசு, வீச்சு எல்லாம் அந்தக் குடும்பம்தான். தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியில் எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என மூன்று இடத்தில் நிலைகொள்வதைச் சொல்லியே எழுத்துகளின் பிறப்பைத் தொடங்குகிறார். இப்படி ஒரு மரபு இருக்க, மூச்சொலிக்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

* * *

ஐயா, நான் வார்டில் வேலை பார்ப்பவள். சீழ்க்கை வேண்டவே வேண்டாம். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டுவது தனி நோய். அவசரத்தில் எழுதிய குறிப்பில் "வலப்பக்கம் சீழ்..." வரை கண்ணில் பட்டால் போதும், படிப்பவர் வேறு பக்கம் போய்விடுவார். வீளை அழகான சொல், ஆனால் எங்களில் யாருக்கும் தெரியாது.

இழுப்பு என்று எழுதலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் நான் ஏற்கமாட்டேன். இழுப்பு நோயாளியின் சொல். "ராத்திரி ரொம்ப இழுக்குது" என்று அவர் சொன்னால் அவர் சொன்னபடியே எழுதவேண்டும். நான் காதில் கேட்டது வேறு பதிவு. அவர் இழுக்குது என்பார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் ஒலியே இருக்காது. கடுமையான ஆஸ்துமாவில் காற்றே உள்ளே போகாதபோது ஒலி அடங்கிவிடும், அதுதான் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அந்த வித்தியாசம் காகிதத்தில் காணாமல் போகும். போதாக்குறைக்குச் சிலர் வலிப்பையும் இழுப்பு என்கிறார்கள்.

* * *

அக்கா சொல்வது சரி. கிராக்கிள்ஸுக்கு என் பரிந்துரை பொரிவொலி. மொழிபெயர்ப்பு வேலைக்காக, ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கைப் பற்றிப் படித்தபோது கிடைத்தது இது. 1816இல் காகிதத்தைச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டவர், 1819இல் நூல் வெளியிட்டார். இந்த ஒலியைச் சூடான சட்டியில் உப்பு பொரிவதற்கு ஒப்பிட்டிருக்கிறார். தமிழிலும் உப்பு பொரியத்தானே செய்கிறது? மூடிக்கிடந்த சிறு காற்றுவழிகள் மூச்சை இழுக்கையில் பட் பட்டென்று திறப்பதால் வரும் ஒலி என்கிறார்கள், அதற்கும் பொருந்துகிறது.

இன்னொன்று. அவர் எல்லா ஒலிகளுக்கும் ரால் என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்தார். மக்கள் காதில் அது சாகும் தறுவாயில் வரும் கரகரப்பாக விழும் என்பதால், நோயாளி முன்னால் ராங்கஸ் (இதன் பன்மைதான் ராங்கை) என்ற லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். அதாவது ராங்கை முதலில் தனி ஒலியே இல்லை. வேர் பார்த்துப் பெயர் வைத்தால் நாமும் அந்தக் குழப்பத்தில்தான் விழுவோம்.

* * *

பொரிவொலி நல்ல ஆக்கம், வாழ்த்துகிறேன். நுண்பொரிவொலி, பருபொரிவொலி என்று பிரிக்கவும் இடம் தருகிறது. ஆனால் வேரை விட்டுவிடலாம் என்பதை ஏற்க இயலாது. ராங்கஸ் கிரேக்கத்தில் குறட்டையைக் குறித்த சொல். குறட்டையொலி என்றால் தாழ்ந்த, தொடர்ந்த ஒலி என்பது சொல்லாமலே விளங்கும்.

பேச்சோடு பேச்சாக, முதுகில் கை வைத்து அதிர்வு பார்க்க நோயாளியைத் தொண்ணூற்றொன்பது சொல்லச் சொல்கிறீர்களாமே. அதில் வல்லின றகரம் குறுக்கே நின்று ஒலியை அறுக்கிறது. மெல்லெழுத்து மிகுந்த சொல் ஒன்றைத் தேர்ந்தால் என்ன?

* * *

நாங்கள் "ஒண்ணு, ஒண்ணு" என்றுதான் சொல்லச் சொல்வோம் ஐயா. எந்தச் சொல்லானாலும் குரல் தாழ்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னால் போதும்.

குறட்டையொலி கூடாது. இரவு 2 மணிக் குறிப்பில் குறட்டை என்றிருந்தால் நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

* * *

அப்படியானால் கோழையொலி? இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால் பல நேரம் மாறும், மறையும்.

* * *

அது காரணத்துக்கு வைக்கும் பெயர். கோழை என்பது நம் முடிவு. காதில் விழுந்ததை மட்டும் எழுதுவதுதான் மாணவிக்கு முதல் பாடம். கறகறப்பு என்று போடுங்கள், "இருமிய பின் குறைந்தது" என்பதைத் தனியாக எழுதட்டும்.

* * *

நண்பர்களே, நாளை பக்கங்களை அனுப்பியாகவேண்டும். பொரிவொலியை எல்லோரும் ஏற்றதால் அது உறுதி. வீஸுக்கு விசில் ஒலி என்று போடுகிறேன். தனித்தமிழ் இல்லைதான், ஆனால் படித்தவுடன் காதில் கேட்கிறது, ஐந்து பேரில் மூவர் அதற்கே இசைந்தார்கள். ராங்கைக்குக் கறகறப்பு, இந்தப் பதிப்புக்கு மட்டும். குரல் கம்மினாலும் கறகறப்பு என்கிறோமே என்று ஒரு தோழி தனிமடலில் கேட்டிருக்கிறார், அதற்கு என்னிடம் விடை இல்லை. நுரையீரலில் கறகறப்பு என்று இடத்தைச் சேர்த்தே எழுதச் சொல்லப்போகிறேன்.

* * *

விசிலை என் பெயரில் சேர்க்கவேண்டாம் அம்மா. சொல்லடைவில் வீளை ஒரு வரியாவது இருக்கட்டும். மாணவர் கண்ணில் ஒருமுறையாவது பட்டால்தானே அடுத்த பதிப்பில் 'யாருக்கும் தெரியாது' என்று சொல்லமாட்டீர்கள்?