கலர் மாறுனா உடனே அலெக்ஸாண்ட்ரைட்டா? கோடி ரூவாயா?

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: நேத்து மேலூர் பாண்டி போட்டத பாத்ததுலேர்ந்து வயித்தெரிச்சலா இருக்கு. தாத்தா பர்மாவுலேர்ந்து கொண்டாந்த மோதிரமாம், கல்லு எடை 22 காரட்டாம், அப்பழுக்கே இல்லையாம், பகல்ல ஒரு கலரு ராத்திரி ஒரு கலராம், அதனால அலெக்ஸாண்ட்ரைட்டுங்கற அபூர்வக் கல்லாம், கோடிக்குப் போகுமாம். ஒரே கேள்வி பாண்டி, பகல்ல அது பச்சையா நீலமா?

மேலூர் பாண்டி: மாறுதுங்கறேன், வீடியோவே போட்டுருக்கேன். குண்டு பல்புக்குக் கீழ ரோஸும் ஊதாவுமா ஜொலிக்குது, கண்ணாடியில இழுத்தா கோடு விழுகுது. பர்மாவுல அலெக்ஸாண்ட்ரைட் கெடைக்காதுனு சொல்லுங்க பாப்போம்.

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: கெடைக்கும், யாரு இல்லேனா? 1830கள்ல ரஷ்யாவுல யூரல் மலையில மொதமொதல்ல எடுத்தது, வைடூரியமும் அதுவும் ஒரே சாதி, கிரைசோபெரில்ங்கற கனிமம். அது உண்டாக பெரிலியமும் வேணும் குரோமியமும் வேணும்; பெரிலியம் ஒரு பாறையில கெடக்கும், குரோமியம் வேற பாறையில கெடக்கும், ரெண்டும் சேர்றதே அபூர்வம், அதான் அந்த வெல. நல்ல கல்லு பகல்ல பச்சை, குண்டு பல்புல செவப்பு. வனேடியம்ங்கற உலோகத்தப் போட்டு உருக்கி எடுக்குற செயற்கை கொரண்டம்தான் (கெம்பு, நீலக்கல்லு சாதி) பகல்ல சாம்பல் நீலம், பல்புல ரோஸ் ஊதா, அத நூறு வருசமா அலெக்ஸாண்ட்ரைட்டுனு தலையில கட்டுறாய்ங்க. கண்ணாடிய ரெண்டுமே கீறும், அலெக்ஸாண்ட்ரைட் கடினம் பத்துக்கு 8.5, அந்தப் போலி 9. லென்ஸ வெச்சு உள்ள பாருங்க, இசைத்தட்டு வரியாட்டம் வளைஞ்சு ஓடுனா ஆலையில செஞ்சது. பச்சையா நீலமா, அத மொதல்ல சொல்லுங்க.

வைகைக்கரை: அண்ணே நீலம்னாலே போலியா? கலர் மாறுற சஃபையர்ங்கற நீலக்கல்லு, கார்னெட்டுங்கற இன்னொரு சாதிக் கல்லு எல்லாம் மண்ணுல வெளைஞ்சதுதானே. அலெக்ஸாண்ட்ரைட்டயே 1970கள்லேர்ந்து லேப்ல வளக்குறாய்ங்க, அதுவும் பச்சையும் செவப்புமாத்தான் மாறும். அப்ப ஒங்க பச்சையா நீலமா எதுக்கு ஆகும்?

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: தம்பி, நாலு பக்கம் படிச்சிட்டு பரம்பரையா பட்டறை வெச்சிருக்கவனுக்கு பாடம் எடுக்காதீங்க. அவரு தாத்தா வந்தது யுத்த சமயத்துல, அப்ப லேப்ல வளத்த அலெக்ஸாண்ட்ரைட் ஏது? செயற்கை கொரண்டம்தான் சந்தையில கெடந்துச்சு. 22 காரட்டுல அப்பழுக்கில்லாமனா எனக்கு அங்கயே சந்தேகம். பச்சையா நீலமா?

மேலூர் பாண்டி: எங்க தாத்தா ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்த மனுசன், அவரு ஏமாளியா? அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியத்துல 65 காரட் சிலோன் அலெக்ஸாண்ட்ரைட் இருக்கு, எங்ககிட்ட 22 இருக்கக் கூடாதாக்கும்?

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: அப்படி ஒண்ணு அதிசயமா இருக்கப்போயிதான்யா அது மியூசியத்துல இருக்கு! தாத்தாவ யாரும் ஒண்ணும் சொல்லல, அவருக்கு வித்தவனத்தான் சொல்றேன். நல்ல லேப்ல குடுத்து சர்டிபிகேட் வாங்கிப் போடுங்க, அதுவரைக்கும் கோடினு எழுதி ஊர ஏமாத்தாதீங்க.

உசிலம்பட்டி அக்கா: பாண்டி தம்பி, லேப்புக்கு குடுத்தாலும் குடு, பட்டறையில மட்டும் குடுத்துறாத. மாமியா காதுத் தோட்ட மெருகு போடக் குடுத்தோம், திரும்பி வந்தப்ப செவப்புக்கல்லு ரெண்டும் வேற. கேட்டா வெளிச்சம் அப்படி தெரியுதுன்றாய்ங்க.

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: எவனோ செஞ்சதுக்கு எங்க தொழிலையே ஏன் இழுக்குறீங்க? குடுக்கும்போது எடை போட்டு சீட்டு வாங்குனீங்களா?

உசிலம்பட்டி அக்கா: ஓ, இப்ப தப்பு எங்க மேலயா?

மேலூர் பாண்டி: பாத்தீங்களாக்கா, இவுகதான் எங்க தாத்தாவுக்கு நாயம் சொல்ல வந்துட்டாக. கல்லு எங்க பீரோவுலயே இருக்கட்டும், எவனுக்கும் காட்ட மாட்டேன்.

வைகைக்கரை: அண்ணே, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. கார்னெட்டா இருந்தா?

ஆவணிமூலவீதி கல்லுக்காரன்: அவரு கலரச் சொல்லட்டும் தம்பி, அப்புறம் கார்னெட்டப் பேசுவோம்.