வீடியோ வகுப்பில் ‘ஸ்’ கேட்கவில்லை: கோளாறு மேப்பிங்கிலா, போனிலா?

முதுகுளத்தூர்_அம்மா:

வணக்கம். மகளுக்கு 2 வயது 10 மாதம். வலது காதில் காக்ளியர் இம்பிளான்ட் (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்ட அறுவை செய்து வைக்கும் கருவி), சுவிட்ச் ஆன் ஆகி, அதாவது அதை இயக்கத் தொடங்கி, 6 மாதம். தெரபி மையம் தூரம் என்பதால் மாதம் ஒருமுறை நேரில் போகிறோம், மற்ற வாரங்களில் வீடியோ காலில் வகுப்பு. நேரில் லிங் ஒலிகள் (கேட்கிறதா என்று சோதிக்கும் ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம்) ஆறுக்கும் திரும்பிப் பார்க்கிறாள். வீடியோ வகுப்பில் ஆ, ஈ, ஊ மூன்றுக்கும் திரும்புகிறாள். ஷ் சில நேரம்தான். ம் பத்துக்கு ஐந்து. ஸ் ஒருமுறைகூட இல்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போன், மொபைல் டேட்டா, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருப்போம்.

கேட்க வேண்டியவை மூன்று. மேப்பிங்கை (இம்பிளான்ட்டின் ஒலி அளவுகளை அவளுக்கேற்ப அமைப்பதை) மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா? அந்த மேப்பிங்கையும் ஆன்லைனிலேயே செய்ய முடியுமா? வீட்டில் பேச்சுப் பயிற்சிக்கு ஆப் வைத்துக்கொள்ளலாமா? வாய்ஸ் டைப்பிங்கில் அவள் சொன்ன சொல் சரியாக விழுந்தால் உச்சரிப்பு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதும் சந்தேகம்.

---

ஒலியளவு:

நேரில் ஆறும் கேட்கிறது, வீடியோ காலில் மட்டும் விடுபடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது போனைத்தான். இந்தப் பட்டியலை மட்டும் வைத்து மேப்பை மாற்றச் சொல்லாதீர்கள். கேட்காத ஸ்-க்காக மேல் அலைவரிசை எலக்ட்ரோடுகளில் (உட்காதில் இருக்கும் மின்முனைகளில்) அளவைக் கூட்டிவிட்டால், வீட்டில் பாத்திரம் உருளும் சத்தமே குழந்தையைத் துன்புறுத்தும். அப்புறம் தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கிப் போடத் தொடங்குவாள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ‘ஸ்’ ஒலியின் சக்தி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய முறை போன் கால் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதில் ஸ் ஏறக்குறைய முழுதாகவே போய்விடும். வீடியோ கால் செயலிகள் இதைவிட அகலமாகக் கடத்தக்கூடியவைதான். ஆனால் நெட் மெலிந்தால் அவையும் தாமாகவே மேல் அலைவரிசைகளை வெட்டிக்கொள்ளும். படம் தெளிவாகத்தான் தெரியும், ஒலி குறுகியிருப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு எதிரி, செயலிக்குள் இருக்கும் இரைச்சல் நீக்கி. மின்விசிறி, மிக்ஸி மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தைக் கண்டுபிடித்து அமுக்குவது அதன் வேலை. தெரபிஸ்ட் ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கும்போது அதையும் மின்விசிறி என்றே நினைத்து அழித்துவிடுகிறது. ‘ஷ்’ சில நேரம் வருவதும் வராததும் இதனால்தான்.

‘ம்’ வராததற்குக் காரணம் வேறு. அதன் சக்தி 250 ஹெர்ட்ஸ் பக்கம் தேங்கியிருக்கிறது. போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. ‘ஊ’வும் தாழ்ந்த ஒலிதான், ஆனால் அதற்கு 900 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு திரட்சி இருப்பதால் தப்பிக்கிறது. மேலே ஸ் வெட்டுப்படுகிறது, கீழே ம் தேய்கிறது, நடுவில் உள்ள உயிரொலிகள் மட்டும் வந்து சேர்கின்றன. உங்கள் மகளின் பட்டியலும் அச்சாக அப்படியே இருக்கிறது.

உறுதிப்படுத்த வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு போன், இரண்டு அறை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் பயன்படுத்தும் அதே செயலியில் கால் போடுங்கள். ஓர் அறையிலிருந்து ஒருவர் ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றி மாற்றி மும்மூன்று முறை, மொத்தம் 18 முறை சொல்ல வேண்டும். நடுவில் நான்கைந்து இடத்தில் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருக்க வேண்டும். மற்ற அறையில் காது நன்றாகக் கேட்கும் பெரியவர் திரையைப் பார்க்காமல் கேட்டு எழுதட்டும். பெரியவருக்கே ஸ்-ஸும் மௌனமும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த வழியில் குழந்தையைச் சோதிப்பதில் பொருளே இல்லை.

சரிசெய்ய: ஜூம் என்றால் ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று இருக்கும். பேசுகிற தெரபிஸ்ட் தன் பக்கத்தில் அதைப் போட வேண்டும், நீங்கள் போட்டால் உங்கள் குரலுக்கு மட்டும்தான் பயன். கூகுள் மீட்டில் நாய்ஸ் கேன்சலேஷனை அணைக்கலாம். அப்படி அணைக்க வழியே இல்லாத செயலியைத் தெரபிக்கு விட்டுவிடுங்கள். தெரபிஸ்ட் ப்ளூடூத் ஹெட்செட் போட்டுக்கொண்டு பேசினால் அதன் மைக்கே குரலைக் குறுக்கிவிடும். கம்பி மைக் போதும். உங்கள் பக்கம் போனைக் கையில் பிடிக்காமல் நிறுத்திவைத்து, கம்பியில் ஒரு வெளி ஸ்பீக்கர் இணைத்துக் குழந்தையின் வலப்பக்கம் ஒரு மீட்டருக்குள் வையுங்கள்.

இத்தனையும் செய்தாலும் லிங் சோதனை அறைக்குள் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். தெரபிஸ்ட் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். வலது பக்கமாகக் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள். கையால் வாயை மூடாதீர்கள், அது ஸ், ஷ் இரண்டையும் மழுக்கிவிடும். மடியில் வைத்துக்கொண்டு ‘ம்’ சொன்னால் உங்கள் நெஞ்சதிர்வை உணர்ந்துதான் திரும்புவாள், கேட்டு அல்ல. ‘இஸ்’ என்றோ ‘ஸி’ என்றோ சொன்னால் அந்த இகரத்துக்குத் திரும்பிவிடுவாள், வெறும் காற்றொலியாக ‘ஸ்ஸ்’ மட்டும். சொல்லும் இடைவெளி ஒருமுறை 3 விநாடி, ஒருமுறை 10 விநாடி என்று மாறட்டும். இல்லையென்றால் தாளத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள் இந்தக் குழந்தைகள். அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் என மூன்று தூரத்திலும் செய்து தேதி போட்டு எழுதிவையுங்கள்.

அறைக்குள் ஒரு மீட்டரிலேயே ஓர் ஒலி இரண்டு நாள் தொடர்ந்து விடுபட்டால், மைக் கவர், கேபிள், காயில் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் மேப்பிங்குக்குக் கிளம்பலாம்.

---

முதுகுளத்தூர்_அம்மா:

இரண்டு போன் சோதனை செய்து பார்த்தோம். 18-இல் என் மாமியார் சரியாக எழுதியது 11. ஸ் மூன்றும் அவருக்கே கேட்கவில்லை, ம் ஒன்றுதான் கேட்டது. மீட்டில் நாய்ஸ் கேன்சலேஷனை அணைத்ததும் 15 ஆனது. அறைக்குள் நேரில் சொன்னால் ஒரு மீட்டரில் மகள் ஆறுக்கும் திரும்புகிறாள். ஆப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

---

சொல்லும்பொருளும்:

அம்மா, 15 ஆனது நல்ல செய்தி. ஸ் கடத்துகிற வழியை விட்டுவிடாதீர்கள், அது ஆங்கிலத்துக்கு மட்டும் வேண்டிய ஒலி அல்ல. எழுத்தில் ‘சாப்பிடு’, ‘சட்டை’ என்று இருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் வாயில் வருவது ஸ் ஒலிதான். அது கேட்காத குழந்தைக்கு ‘சாப்பிடு’ என்பது ‘ஆப்பிடு’தான். அப்படியே சொல்லவும் பழகிவிடும்.

ஆப் விஷயத்தில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். ஆங்கிலக் குழந்தைகளுக்காகச் செய்த கேட்டல் பயிற்சி ஆப்கள் சொல்லின் கடைசியில் வரும் ஸ்-ஐ, அதாவது பன்மையை, வலியுறுத்தி வேலை வாங்கும். தமிழில் பொருளைச் சுமப்பது வேறு இடம். கேட்கத் தொடங்கி ஆறு மாதமே ஆன குழந்தைக்கு முதலில் வேண்டியது குறில் நெடில் வேறுபாடு: பல், பால். கல், கால். விடு, வீடு. அதற்கு அடுத்தது ஒற்று இரட்டிப்பு: இலை, இல்லை. பாடு, பாட்டு. இவை இரண்டும் நீளம் சார்ந்த வேறுபாடுகள், நீளத்தை இம்பிளான்ட் நன்றாகவே கடத்தும். அதனால் ஆரம்பத்திலேயே வெற்றி கிடைக்கும். மலை, மழை, ல, ள, ழ வேறுபாட்டை இப்போது தொடவே வேண்டாம். காது கேட்கும் குழந்தைக்கே ழ தாமதமாகத்தான் வரும்.

இதற்கும் முன்படி ஒன்று உண்டு. அசை எண்ணிக்கை: பூ, தோசை, தக்காளி. மூன்று பொருளையும் நேரில் வைத்துக் கேட்டால், எழுத்தொலி பிடிபடாவிட்டாலும் நீளத்தை வைத்தே எடுத்துவிடுவாள். அதில் பத்துக்கு எட்டு வந்த பிறகு பல், பால் போகலாம்.

அடுத்து விகுதிகள். நம் மொழியில் ‘-ல’, ‘-க்கு’, ‘-மேல’, ‘-க்குள்ள’ எல்லாம் சொல்லின் வாலில், குரல் இறங்கும் இடத்தில் வருகின்றன. குழந்தைக்கு ‘பெட்டி’ கேட்கும், ‘பெட்டிக்குள்ள’வின் வால் கேட்காது. ஒரு பெட்டியும் பொம்மையும் எடுத்துக்கொண்டு ‘பெட்டிக்குள்ள போடு’, ‘பெட்டிமேல வை’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தவறாகச் செய்தால் வாலை மட்டும் சற்று நீட்டி, முன்னால் ஒரு நொடி நிறுத்திச் சொல்லுங்கள். உடனேயே மறுபடி இயல்பாகச் சொல்லிவிட வேண்டும். நீட்டிச் சொன்னதோடு நிறுத்தினால் நீட்டினால்தான் கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

தமிழ் ஆப்கள் பலவற்றில் வேறொரு சிக்கல். குரல் எழுத்துத் தமிழில் ‘செல்கிறான்’, ‘உண்கிறாள்’ என்று பேசும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘போறான்’, ‘சாப்பிடுறா’ என்று உங்கள் ஊர்ப் பேச்சில் ஆயிரம் முறை கேட்டால்தான் மொழி வரும். எழுத்துத் தமிழ் பள்ளிக்குப் போகும்போது தானாக வந்து சேரும். ‘குழந்தையோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்’ என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழிதான் அவளுக்கு வேண்டும்.

ஆப்பைப் படப்புத்தகம்போல் பயன்படுத்தலாம்: ஒலியை அணைத்துவிட்டு, படத்தைக் காட்டி நீங்கள் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வயதுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது.

வாய்ஸ் டைப்பிங்கை நம்பாதீர்கள். அது கேட்டதை மட்டும் எழுதுவதில்லை. அடுத்தடுத்து வரும் சொற்களை வைத்து எது வரக்கூடும் என்று ஊகித்து எழுதுகிறது. சோதித்துப் பாருங்கள்: நீங்களே வேண்டுமென்று ‘தாக்கா கத்துது’ என்று சொல்லுங்கள், ‘காக்கா கத்துது’ என்று திரையில் விழ வாய்ப்பு அதிகம். குழந்தை க-வுக்குத் த சொல்வதை நாம் கண்டுபிடிக்க வேண்டிய இடத்திலேயே அது திருத்தி மறைத்துவிடும். எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும். பெரியவர்களின் பேச்சை வைத்தே பெரும்பாலும் பழக்கப்பட்ட கருவி என்பதால், மூன்று வயதுக் குழந்தை சரியாகச் சொன்னாலும் கன்னாபின்னாவென்று எழுதும்.

அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை விளையாட்டு நேரத்தில் 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். ரெக்கார்டரில் தரத்தை உயர்வாக வைத்து, வாய்ஸ் நோட்டாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டில் ஒலி சுருக்கப்படும். அவள் சொன்னதை அப்படியே, திருத்தாமல், ‘ஆப்பிடு’ என்றால் ‘ஆப்பிடு’ என்றே எழுதிச் சேர்த்து அனுப்பினால் தெரபிஸ்ட்டுக்குப் பாதி வேலை முடிந்தது.

---

ஒலியளவு:

ஆன்லைன் மேப்பிங் பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. முடியும், ஆனால் பெரும்பாலான ப்ராசஸர்களுக்குப் போன் வழியாக அல்ல. ப்ராசஸரை (வெளியே மாட்டும் கருவியை) கேபிளில் இணைக்கும் சாதனம், நிறுவனத்தின் மென்பொருள் உள்ள கணினி, இவை உள்ள ஒரு மையத்துக்குக் குழந்தை போயாக வேண்டும். ஆடியாலஜிஸ்ட் (கேட்டல் நிபுணர்) வேறு ஊரிலிருந்து அந்தக் கணினியை இயக்குவார். 2017 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஒரு வகை இம்பிளான்ட்டுக்கு இதை அனுமதித்தது. அப்போது பார்த்த ஆய்வில் இருந்த 39 பேரும் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஓராண்டாவது இம்பிளான்ட் பயன்படுத்தியவர்கள். சத்தம் கூடுகிறது, குறைகிறது என்று வாயால் சொல்லத் தெரிந்த வயது.

உங்கள் மகளுக்கு அப்படிச் சொல்ல வராது. கண் சிமிட்டுவதையும் விளையாட்டை ஒரு கணம் நிறுத்துவதையும் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். வீடியோ காலில் அரை நொடி தாமதமானாலே எந்த ஒலிக்குச் சிமிட்டினாள் என்பது குழம்பும். அளவிடும் நேரத்தில் ப்ராசஸரின் மைக் அணைந்திருக்கும், நீங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது. பழகிய தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையும் சைகையுமாகப் பார்த்துக்கொண்டால் செய்யலாம். அப்படி ஆள் இல்லையென்றால் நேரில் போவதே மேல். இம்பிடன்ஸ் (எலக்ட்ரோடுகளின் மின்தடை) பார்ப்பதும், தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாள் என்ற டேட்டா லாக்கை எடுப்பதும் தொலைவிலிருந்தே தாராளமாக முடியும். அதில் 10 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் மேப்பிங் பேச்சை ஒத்திவைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள்.

@சொல்லும்பொருளும், ஒன்று சேர்க்க வேண்டும். பல், பால் பயிற்சியை வீடியோ கால் வழியாகத் தெரபிஸ்ட் குரலில் செய்ய வேண்டாம். நெட் தடுமாறும்போது செயலி ஒலியை நீட்டியும் சுருக்கியும் இடைவெளியை நிரப்பும். நீளத்தை நம்பித்தான் அந்தப் பயிற்சியே நிற்கிறது.

---

சொல்லும்பொருளும்:

சரிதான், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா சொல்ல, தெரபிஸ்ட் பார்த்துத் திருத்த வேண்டும். எதிரொலி நீக்கி இருப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் வெட்டுப்படும். அதனால் குழந்தைக்கு நீங்கள் சொல்லும்போது தெரபிஸ்ட் தன் மைக்கை அணைத்துவிடட்டும்.

---

காயில்_கேபிள்:

மேடம், உங்கள் பக்கம் வெயிலும் வியர்வையும் அதிகம், அதனால் இதையும் கவனியுங்கள். இரவில் ப்ராசஸரை, ஈரத்தை உறிஞ்சும் டிரை பாக்ஸில் வைக்கும்போது, 675 வகை ஜிங்க் ஏர் பேட்டரி போடுவதாக இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே இருந்தால் காய்ந்து சீக்கிரம் செத்துவிடும். புதிய பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மூடாமல் ஐந்து நிமிடம் காற்றுப்பட வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். வெளிப்பாகங்களில் அடிக்கடி போவது கேபிள், அதிலும் காயிலோடு சேரும் வளைவு. அந்த இடத்தை விரலால் மெல்ல ஆட்டும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கேபிள் போய்விட்டது என்று பொருள். கையிருப்பில் ஒரு கேபிள் எப்போதும் இருக்கட்டும், ஆர்டர் போட்டு வருவதற்குள் வாரக்கணக்கில் கேட்காமல் போய்விடும்.