‘ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மக்னீசியமும் முதியோர் உறக்கமும் பற்றிய கட்டுரைக்கு ‘ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி’ என்பதன் தமிழ்ச்சொல் வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்ததிலிருந்து தூங்கிப்போகும் வரை ஆகும் நேரம் அது. 2021-இல் வந்த தொகுப்பாய்வில், மக்னீசியம் எடுத்த முதியோருக்கு இது சுமார் 17 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கமும் 16 நிமிடம் போலக் கூடியது. ஆனால் புள்ளியியல்படி இந்தக் கூடுதல் தேறவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டையும் ‘உறக்கத் தரம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், மாத்திரை போட்டால் விடியும்வரை தூங்கலாம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். (அதில் இருந்ததே 3 ஆய்வுகள், 151 பேர்தான். சான்று வலுவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.)

‘உறக்கத் தாமதம்’ எனக்குச் சரிப்படவில்லை. நன்றாகத் தூங்குகிறவருக்கும் 10, 20 நிமிடம் ஆகும், அது தாமதமா? ‘உறக்கத் தொடக்க மறைநிலை’ அகராதியைப் பார்த்து ஒட்டியது. இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை. ‘கண்ணயர் நேரம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து தூங்கினாலும் கண்ணயர்ந்ததாகத்தானே சொல்கிறோம்?

படுத்துப் புரள்கிறவர் ‘தூக்கம் பிடிக்கவில்லை’ என்கிறார். நடுராத்திரி எழுந்தவர் ‘தூக்கம் கலைந்துவிட்டது’ என்கிறார். மருத்துவர்கள் தனித்தனியே அளப்பதைப் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். ஆகவே முதலாவதற்கு ‘உறக்கம்பிடி நேரம்’, இரண்டாவதற்கு ‘இடைவிழிப்பு நேரம்’. என்ன சொல்கிறீர்கள்?

---

> உறக்கம்பிடி நேரம்

ஐயா, ‘பிடி’ சரி, ‘நேரம்’தான் இடிக்கிறது. உறக்கம்பிடி நேரம் 11 மணி என்று யாராவது படித்துவிடுவார்கள். ‘உறக்கம்பிடி கால அளவு’ என்று வைத்தால் நிமிடக் கணக்கு என்பது தெளிவாகும். கொஞ்சம் நீளம், பரவாயில்லை. இடைவிழிப்புக்கும் அதுவே.

அப்புறம், உங்கள் கட்டுரையில் ‘மக்னீசிய உட்கொள்ளல்’ என்று உணவையும் மாத்திரையையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கப் பரிந்துரையில் 51 வயதைக் கடந்த ஆணுக்கு நாளைக்கு 420 மி.கி., பெண்ணுக்கு 320. அதே பரிந்துரையில் உச்சவரம்பு 350! அந்த வரம்பு மாத்திரை, மருந்து வழியாக வருவதற்கு மட்டும், மிஞ்சினால் வயிற்றுப்போக்கு. உணவில் வருவதற்கு வரம்பு இல்லை. ஒரே சொல்லைப் போட்டால், தேவை 420, ஆனால் 350-ஐத் தாண்டாதே என்று படிக்க வரும். மொத்தத்துக்கு ‘உட்கொள்ளல்’ இருக்கட்டும். ‘சப்ளிமென்ட்’டுக்கு எல்லாரும் சொல்லும் ‘சத்து மாத்திரை’யே போதும், பொடியாக வந்தால் ‘சத்துப் பொடி’.