புதுப்பிப்பு: பெயர்ச்சொல்லுக்குப் பின் வரும் ‘டு’

இலங்கை மலையகத்தின் அட்டனில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எந்த ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘டு’வுடன் (to) வினை வரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி. வினை ‘டு’ கேட்டால் அதன் பெயர்ச்சொல்லும் கேட்கும் என்ற வழி பெரும்பாலும் கைகொடுக்கிறது: ‘டிசைட் டு கோ’, ‘டிசிஷன் டு கோ’. ‘ஹோப்’தான் முரண்டு பிடிக்கிறது, வினையாக ‘ஹோப் டு வின்’, பெயராகப் பெரும்பாலும் ‘ஹோப் ஆஃப் வின்னிங்’.

உதாரணத்துக்குக் கரும்பலகையில் ‘த ரைட் டு வோட்’ என்று எழுதினேன். 1949இல் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் இழந்த வாக்குரிமை அல்லவா? கேள்விகள் குவிந்தன, இலக்கணம் காத்திருந்தது.

‘எ ஹவுஸ் டு லிவ் இன்’ என்பதில் கடைசி ‘இன்’னை மட்டும் இன்னும் விழுங்குகிறார்கள். தமிழில் ‘குடியிருக்க வீடு’ என்றாலே போதுமே! அடுத்த வகுப்பு அதற்குத்தான்.