புதுப்பிப்பு: தசமபாகத்துக்கு மேலே கொடுத்துப் பார்க்கிறோம்

போன வருஷம் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) எழுதியிருந்தேன்: தசமபாகத்தோடு, அதாவது சபைக்குக் கொடுக்கும் வருமானத்தின் பத்தில் ஒரு பங்கோடு, இன்னொரு பத்தில் ஒரு பங்கையும் மிஷனரி ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதி 80 சதவீதத்தில் குடும்பம் நடத்தப் போகிறோம் என்று. "முடியுதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முடிகிறது, ஆனால் இழுபறிதான். ஹோட்டல் சாப்பாடும் ஓடிடி சந்தாவும் சுலபமாகப் போய்விட்டன. கஷ்டம் கல்யாண மொய்யில்தான். சொந்தத்தில் குறைத்து எழுத முடியாதே! அதனால் துணி எடுப்பதைக் குறைத்தோம்; கிறிஸ்துமஸுக்குக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். (கடை கடையாக அலைய வேண்டாம் என்று இவருக்கு ஒரே சந்தோஷம்.)

எதிர்பாராமல் ஒட்டிக்கொண்டது பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைக் காணிக்கையாகத் தனியே எடுத்து வைப்பது அத்தையின் பழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்கே ஊழியத்தைத் தாங்குகிறது. நமக்கும் இப்படிக் கொடுப்பது புதிதல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனரி சங்கம், திருநெல்வேலிச் சபையார் கொடுத்த காசில்தான் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது. வங்கியில் தானாகக் கழிகிற காணிக்கை எங்களுக்கு உறைப்பதே இல்லை. அரிசிப் பானையில் கை வைக்கும்போது உறைக்கிறது. சின்னவள் இப்போது தன் கையால்தான் அள்ளுவேன் என்று அடம்.

அப்புறம், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதற்குத் தனியாகச் சீட்டு போட்டிருக்கிறோம். கடன் வாங்கிக் காணிக்கை போடுவதில்லை.