‘சித்தார்த்தா’ நாவலுக்கு எக்ஸாம் எழுதின அனுபவம்: ஆத்தப் பத்தின கேள்வில கோட்ட விட்டதும் அப்புறம் பிடிச்சதும்

நான் எம்.ஏ. இங்கிலீஷ் கரஸ்ல பண்ணேன், வாரம் பூரா வேலை, ஞாயித்துக்கெழம மட்டும் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல போய் உக்காந்துடுவேன். ஒரு பேப்பர்ல ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயோட ‘சித்தார்த்தா’ இருந்துச்சு. 1922ல வந்த சின்ன புக்கு, மொத்தமே 12 அத்தியாயம், ரெண்டு தடவ படிச்சு கதை அத்துப்படி ஆயிடுச்சு, அந்த தைரியத்துல போனேன். 15 மார்க் கேள்வி, நாவல்ல ஆறு எதைக் குறிக்குதுனு. ஹீரோ சித்தார்த்தா பிராமண வீட்ல பொறந்தான், காட்டுக்குப் போனான், தாசி கமலாவப் பாத்தான்னு மூணு பக்கம் கதையாவே எழுதி, கடைசில ஆறுன்னா வாழ்க்கைனு ஒரு வரி போட்டு முடிச்சிட்டேன். பேப்பர் போச்சு.

அரியருக்குப் படிக்கும்போது பக்கத்து சீட்ல நெட் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருந்த ஒரு அக்கா என் நோட்ஸ வாங்கிப் பாத்துட்டு, "கதைய விடுமா, அவன் ஆத்துக்கு எப்பெப்ப வரான், வரும்போது என்ன நெலமைல இருக்கான், அத மட்டும் எழுதிப் பாரு"னாங்க. அன்னிக்கு மத்தியானம் சாப்பிடக்கூட எந்திரிக்கல.

மொதல்ல புத்தரா வர்ற கோதமரையும் கூடவே வந்த நண்பன் கோவிந்தனையும் விட்டுட்டு வரான், கைல காசு இல்ல, படகுக்காரர் சும்மாவே அக்கரைல எறக்கி விட்டுட்டு, எல்லாம் திரும்பி வரும், நீயும் வருவேங்கறார். அப்புறம் பல வருஷம் கழிச்சு, பணம் சூதாட்டம் எல்லாம் பாத்து தன் மேலயே அருவருப்பு வந்து, ஆத்தோரம் சாஞ்சிருக்கற தென்னமரத்தப் பிடிச்சிட்டு விழுந்து சாகலாம்னு குனியுறான், அப்போதான் உள்ளேர்ந்து ஓம்னு கேக்குது. கடைசியா, ஓடிப்போன மகனத் தேடிக் கெளம்பறப்போ ஆறு அவனப் பாத்து சிரிக்குது, குனிஞ்சு பாத்தா தண்ணில தெரியற மொகம் அவங்கப்பா மொகம் மாதிரி இருக்கு. அப்பா மொகம்னதும் நான் முதல் அத்தியாயத்துக்குத் திருப்பினேன். அங்க சித்தார்த்தா வீட்ட விட்டுப் போக அனுமதி கேட்டு ராத்திரி பூரா கையக் கட்டிட்டு நிக்கறான், அப்பா தூக்கம் வராம எந்திரிச்சு எந்திரிச்சு வந்து ஜன்னல் வழியா பாத்துட்டுப் போறார். தான் அப்பாவுக்குக் குடுத்த வலிதான் இப்ப மகன் கிட்டேர்ந்து திரும்பி வருது, படகுக்காரர் அன்னிக்கு எல்லாம் திரும்பி வரும்னு சொன்னதும் இதோட சேருது. ரெண்டாவது தடவ நான் எழுதினது இது மட்டும்தான், முன்னுரை நாலே வரி.

இந்த பேப்பர் எழுதப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். சித்தார்த்தான்னா புத்தர்னு எழுதிடாதீங்க, நாவல்ல புத்தரா வர்றவர் கோதமர், அவர் வேற ஆள், அவர நேர்ல பாத்துட்டும் அவர் பின்னாடி போக மாட்டேங்கறான், அதுதான் கதையே. அதே மாதிரி சமணாக்கள்னு வர்றது நம்ம ஊர் சமணர் இல்ல, காட்டுல தவம் பண்ற துறவிங்க. முன்னுரைக்கு ஹெஸ்ஸேயோட தாத்தா குண்டர்ட் மலையாள அகராதி போட்டவர், அம்மா தலச்சேரில பொறந்தவங்கன்னு ஒரு வரி போதும், அதுக்கு மேல அவர் வாழ்க்கை வரலாறு எழுதி டைம வீணாக்காதீங்க.

பாஸ் ஆனத அப்பாகிட்ட சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, நான் நூலகத்துலேர்ந்து லேட்டா வர்ற அன்னிக்கெல்லாம் சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நின்னவர். அப்படி என்னதான் கதைனு கேட்டார், தமிழ்ல சொன்னேன். பையன் கையக் கட்டிட்டு நிக்கற எடம் வந்ததும் டிவிய அணைச்சிட்டு, "அப்புறம், போகச் சொல்லிட்டாராம்மா?"னு கேட்டார்.